பட்டமும் பிழைப்பும்: பாலக்காடு முதல் மறையூர் வரை

நம் பாட்டனார் காலத்து வீடுகளில் வாசல் தூணில் ஒரு சிறிய மரப்பலகை தொங்குவது வழக்கம். அதில் பெயரும், பெயருக்குப் பின்னால் பி.ஏ. அல்லது பி.ஏ., எல்.டி. என்ற எழுத்துக்களும் இருக்கும். அந்த வீட்டின் ஜீவனம் நிலத்திலிருந்து உத்தியோகத்துக்கு மாறிவிட்டது என்பதை ஊருக்குச் சொன்ன அறிவிப்பு அது. இன்று வீட்டுக்கு வீடு பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆனாலும் எந்தக் கிளைக் கூட்டத்துக்குப் போனாலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: "டிகிரி முடித்தாகிவிட்டது ஸார், இனி என்ன?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுமுன், பட்டம் என்பது எப்படி உத்தியோகத்தின் சாவியாயிற்று என்ற சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் முன்னோர்களைத் தூக்கிவிட்டது பட்டம் மட்டுந்தானா, அல்லது அதோடு வேறு ஏதாவது இருந்ததா என்பதும் அப்போது விளங்கும்.

சாவி உண்டான கதை

1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிரபு ஓர் உத்தரவு பிறப்பித்தார். ஆங்கிலப் பள்ளிகளில் படித்துத் தேறியவர்களுக்கு அரசாங்க வேலைகளில் முன்னுரிமை தரவேண்டும் என்பது அதன் சாரம். 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டி, 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஆக, நம் நாட்டில் பட்டம் பிறந்தபோதே உத்தியோகத்தோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது. ஆட்சிக்கு ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களைத் தரம் பிரிக்க ஓர் அளவுகோலும் தேவைப்பட்டது. பி.ஏ. அந்த அளவுகோலாயிற்று. பரீட்சை எழுதித் தோற்றவர்கள்கூட 'பி.ஏ. ஃபெயில்' என்பதைத் தகுதியாகச் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். 1887-ல் அவர் பதிப்பித்த கலித்தொகை வெளியாயிற்று. அதே 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் உ.வே. சாமிநாதையர். ஐயரவர்கள் கல்லூரியில் மாணவராகக் காலெடுத்து வைத்தவரே அல்லர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் குருகுலவாசமாகப் பாடம் கேட்டவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக நுழைந்தார். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைக் கௌரவித்துக்கொண்டது. முதல் பட்டதாரியும், பட்டமே இல்லாதவரும் ஒரே ஆண்டில் ஒரே துறையில் தமிழுக்கு இரண்டு பெரும் நூல்களைத் தந்தார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது நெடுநாள் பயிற்சி.

பாலக்காட்டில் நடந்தது

பாலக்காடு அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் இருந்தது. 1862-ல் சென்னை–பேப்பூர் ரயில் பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியாக முழுமை பெற்றது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1866-ல், 'ரேட் ஸ்கூல்' என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. அதுவே வளர்ந்து 1888-ல் இரண்டாந்தரக் கல்லூரியாகி, விக்டோரியா கல்லூரி என்று பெயர் பெற்றது. 1925-ல் முதல்தரக் கல்லூரியாயிற்று. ரயிலும் கல்லூரியும் ஒன்றையொட்டி ஒன்று வந்ததுதான் நம் அக்ரஹாரங்களின் தலையெழுத்தை மாற்றியது. உள்ளூரிலேயே எஃப்.ஏ., பிற்காலத்தில் இண்டர்மீடியட் படித்துவிட்டு, ஒலவக்கோட்டில் ரயிலேறி சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் போக முடிந்தது.

ஆனால் ரயிலேறியவர்களின் பெட்டியில் சான்றிதழைத் தவிர இன்னொன்றும் இருந்ததை நாம் மறந்துவிடுகிறோம். அது டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் பரீட்சைகளில் தேறிய காகிதம். 'லோயர்', 'ஹையர்' என்ற சொற்கள் நம் வீடுகளில் புழங்கிய அளவுக்கு ஷேக்ஸ்பியரும் மில்டனும் புழங்கவில்லை. காலையில் கல்லூரி, சாயங்காலம் இன்ஸ்டிட்யூட் என்பது இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு நித்தியகர்மாவைப் போல இருந்தது. பம்பாய்க் கம்பெனிகளும் டில்லிச் செயலகமும் வேலைக்கு எடுத்தது ஒரு நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்று எழுதக்கூடிய விரல்களை. அந்த விரல்களுக்குப் பின்னால் நல்ல ஆங்கிலமும் இருந்தால் சுருக்கெழுத்தர் காரியதரிசியானார், காரியதரிசி நிர்வாகியானார். உள்ளே போகும் அனுமதியைத் தந்தது பட்டம். உட்கார இடம் தந்தது கைத்தொழில். மாதுங்காவில் 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் ஒன்றை நிறுவிப் பள்ளி நடத்தும் அளவுக்கு நம்மவர்கள் அங்கே வேரூன்றியது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான்.

இதற்கு அவசரமும் இருந்தது. நிலத்தின் பாட்டத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது என்றும் நிலைக்காது என்பது மலபார் குடியிருப்புச் சட்டம் வந்த 1930-லேயே தெரிந்துவிட்டது. 1970 ஜனவரி 1 முதல் கேரள நிலச் சீர்திருத்தம் முழுமையாக அமலுக்கு வந்தபோது பாட்டம் அடியோடு நின்றது. அதற்குள் படித்து வெளியேறிய குடும்பங்கள் தப்பின. நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் சிரமப்பட்டன. நம் சமூகத்தில் 'படிப்பு, படிப்பு' என்ற மந்திரம் இத்தனை ஆழமாக இறங்கியதற்கு இந்த அனுபவமே காரணம்.

வாசலில் யார் நின்றார்கள்?

பட்டத்தின் மதிப்பு படித்தவரின் திறமையை மட்டும் பொறுத்ததாக என்றுமே இருந்ததில்லை. வாசலில் நிற்பவர் யாரை உள்ளே விடுகிறார் என்பதையும் அது பொறுத்திருந்தது. இதை நாம் நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

1891 ஜனவரியில் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு 'மலையாளி மெமோரியல்' என்ற மனு தரப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு. சமஸ்தானத்தின் பெரிய உத்தியோகங்களைப் பரதேசத்து பிராமணர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், படித்த உள்நாட்டவர்களுக்கு இடமில்லை என்பது முறையீடு. பரதேசத்து பிராமணர்கள் என்றால் நம்மவர்கள்தான். அதில் கையெழுத்திட்டவர்களில் டாக்டர் பல்ப்புவும் ஒருவர். ஈழவ குலத்தில் பிறந்த அவர் சென்னையில் மருத்துவம் படித்து எல்.எம்.எஸ். பட்டம் பெற்றவர். ஆனால் சாதியின் காரணமாகச் சொந்த சமஸ்தானத்தில் வேலை கிடைக்கவில்லை. மைசூர் அரசு அவரை எடுத்துக்கொண்டது. பெங்களூரில் பிளேக் பரவியபோது அவர் ஆற்றிய சேவை பெரிது. ஒரே பட்டம் ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் செல்லாக்காசு, அந்தப் பக்கம் செலாவணி.

பிற்காலத்தில் சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவினால் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் நம் பிள்ளைகள் தவித்ததும், சண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவைச் செல்லாது என்றதும், அதையொட்டி அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நம் மீது குறை சொன்னவர்களின் 1891-ஐயும், நாம் குறை சொன்ன 1951-ஐயும் சேர்த்துப் படித்தால்தான் சரித்திரம் முழுமையாகும். கதவு சிலருக்குத் திறந்தும் சிலருக்கு மூடியும் இருந்திருக்கிறது. காலத்துக்குக் காலம் ஆட்கள் மாறியிருக்கிறார்கள்.

அஞ்சுநாடு

அந்தத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கிழக்குக் கோடியில் இருந்தது மறையூர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஐந்து கிராமங்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். இன்று இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் ஏறத்தாழ நடுவழியில் இருக்கிறது. மழை மறைவுப் பிரதேசம். அங்கே ஓடும் பாம்பாறு கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. அமராவதியில் போய்ச் சேருகிறது. ஊரார் பேசுவது தமிழ்.

பாலக்காட்டில் ரயிலும் கல்லூரியும் வந்த காலத்தில் அஞ்சுநாட்டில் இரண்டும் இல்லை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்த பிறகு, மேலே மூணாறில் தோட்டங்கள் எழும்பின. தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை, காட்டிலாகாவில் கார்டு வேலை என்பவைதான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எட்டிய உத்தியோகங்கள். 1956 நவம்பர் 1-ல் தேவிகுளமும் பாலக்காடும் கேரளத்தோடு சேர்ந்தன. ஒரே மாநிலத்தின் இரண்டு எல்லைப் பகுதிகள், இரண்டிலும் தமிழர்கள். ஆனால் ஒன்றுக்கு அதற்குள் தொண்ணூறு ஆண்டுப் பள்ளி, கல்லூரி சரித்திரம் இருந்தது. மற்றொன்றுக்கு அப்போதுதான் கணக்குத் தொடங்கியது.

நான் பாலக்காட்டில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து அரசாங்கப் பணியில் சேர்ந்தவன். பணி நிமித்தம் மறையூர்ப் பக்கம் போய்வர நேர்ந்தது. அங்குள்ள பிள்ளைகள் பட்டம் படிக்க உடுமலைப்பேட்டைக்கோ மூணாறுக்கோ போகவேண்டியிருந்தது. இரண்டும் மலைப்பாதையில் சுமார் 40 கிலோமீட்டர். தமிழை முக்கிய பாடமாக எடுப்பவர்கள் 1947-ல் தோன்றிய சிற்றூர் அரசுக் கல்லூரி வரை வருவதுண்டு. மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடத்தை 2018 ஆகஸ்ட் மண்சரிவு வீழ்த்தியது. இத்தனை சிரமப்பட்டு முதல் தலைமுறைப் பட்டதாரியாக ஊர் திரும்பும் பையனுக்கு, நம் தாத்தாக்களுக்குக் கிடைத்த வரவேற்பு கிடைக்கவில்லை. காரணம், அவன் சாவியைப் பெற்றபோது பூட்டு மாறிவிட்டது.

பூட்டு மாறிய விதம்

சில எண்களைப் பார்ப்போம். 1947-ல் இந்தியாவில் சுமார் 20 பல்கலைக்கழகங்களும் 500 கல்லூரிகளும் இருந்தன. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021–22 ஆய்வின்படி 1,168 பல்கலைக்கழகங்கள், 45,473 கல்லூரிகள், 4.33 கோடி மாணவர்கள். கல்லூரி வயதினரில் நூற்றுக்கு எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற விகிதம் தேசிய அளவில் 28.4, கேரளத்தில் 41.3, தமிழ்நாட்டில் 47. இது நாட்டுக்கு நல்ல செய்தி. ஆனால் ஊரில் நூறு பேரில் ஒருவரிடம் இருந்தபோது ஒரு சாவிக்கு இருந்த மதிப்பு, நாற்பது பேரிடம் இருக்கும்போது இராது.

என் தலைமுறைக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. 1956-ல் எல்.ஐ.சி. தோன்றியது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமாகி, கிளைகள் கிராமங்கள் வரை பரவின. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவர் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தார், பி.ஏ. சரித்திரம் படித்தவர் பாலிசி எழுதினார். படித்த பாடத்துக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. என் விஷயத்திலும் அப்படித்தான். ஒளிச் சிதறல் பற்றி நான் கற்றதை ஒரு கோப்பிலும் எழுத நேரவில்லை. வேலையைக் கற்றுத் தந்தவை குறிப்பெழுதும் பயிற்சியும், கணக்கு விதிகளும், இரவில் படித்து எழுதிய இலாகா பரீட்சைகளும்தான். இருந்தாலும் பௌதிகம் வீண் போயிற்று என்று சொல்லமாட்டேன். ஒரு எண்ணைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்குப் பிழை இருக்கலாம் என்று கேட்கும் புத்தியைத் தந்தது அதுதான்.

பட்டம் இல்லாதவர்கள்

"பட்டமே வேண்டாம், திறமை போதும்" என்று இன்று சில இளைஞர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் உதாரணங்களை நானே தருகிறேன். ஒற்றப்பாலம் அருகே பிறந்த வி.பி. மேனன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1914-ல் இந்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1947-ல் சர்தார் படேலின் கீழ் சமஸ்தானங்கள் துறைச் செயலாளராக, 550-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கும் வேலையை நடத்தினார். கணிதமேதை ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவே இல்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா.

ஆனால் கதையின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். மேனன் முப்பது வருஷங்களுக்கு மேல் அரசியல் சட்டக் கோப்புகளிலேயே ஊறியவர். அந்தக் குமாஸ்தா மேஜைதான் அவருடைய கல்லூரி. ராமானுஜனுக்கு 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை கிடைக்கப் பல பெரிய மனிதர்கள் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. பட்டம் இல்லாதவருக்கு அதைத் தர விதிகளில் இடமிருக்கவில்லை. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது, 1918-ல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். மேதைக்கே சிபாரிசு தேவைப்பட்ட இடத்தில் சாதாரணப் பிள்ளை பட்டத்தைக் கைவிடலாகாது.

சாதாரணமாக நடக்கக்கூடியதற்கு உதாரணம் வேறு இருவர். டி.என். சேஷனும் இ. ஸ்ரீதரனும் பாலக்காடு பாசல் மிஷன் பள்ளியிலும் விக்டோரியா கல்லூரியிலும் உடன் படித்தவர்கள். ஸ்ரீதரன் காக்கிநாடாவில் பொறியியல் படித்தார். பிறகு பாலிடெக்னிக்கில் பாடம் சொன்னார். பம்பாய்த் துறைமுகத்தில் ஓராண்டு பயிற்சியாளராக இருந்தார். அதற்குப் பிறகே ரயில்வேயில் நுழைந்தார். சேஷன் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பௌதிகம் முடித்து, அங்கேயே டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்துகொண்டு தயார் செய்து 1955-ல் ஐ.ஏ.எஸ். ஆனார். கொங்கண் ரயில்வேயையும் டில்லி மெட்ரோவையும் பற்றிப் பேசுகிறோம், 1990 முதல் 1996 வரை தேர்தல் கமிஷன் நடந்த விதத்தைப் பேசுகிறோம். பட்டத்துக்கும் பதவிக்கும் நடுவே இருந்த அந்த இரண்டு மூன்று ஆண்டுத் தயாரிப்பைப் பேசுவதில்லை.

மறையூர் வெல்லம் சொல்லும் பாடம்

தயாரிப்பு என்றால் என்ன என்பதற்கு மறையூரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மறையூர் உருண்டை வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை எடுத்து, பதம் பார்த்து இறக்கிக் கையால் உருட்டுகிறார்கள். பதம் பார்ப்பவருக்குக் கண்ணும் கையுமே கருவி. அதை எந்தக் கல்லூரியும் கற்பிப்பதில்லை. ஆனால் சாற்றின் புளிப்பு மிகுந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்து, வெல்லம் இறுகாமல் ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பை மட்டுப்படுத்துகிறது. இதை பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவர் விளக்க முடியும், அளக்க முடியும். வெளியூரிலிருந்து வரும் மட்டமான வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கப்படுவது அங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் குறை. அதைத் தடுக்கப் பரிசோதனை, உணவுப் பாதுகாப்பு உரிமம், முறையான கணக்கு, விற்பனை எல்லாம் தேவை. கொப்பரை அருகே ஒரு வருஷம் நின்று கற்றுக்கொண்ட பட்டதாரிக்கு அந்த ஊரில் வேலை இருக்கிறது. கொப்பரையைப் பார்க்காத பட்டதாரிக்கு அங்கே வேலை இல்லை.

மறையூரின் சந்தனமும் இதையே சொல்கிறது. சந்தனக் கன்று தன் வேரைப் பக்கத்துச் செடிகளின் வேரில் செலுத்தி உணவெடுத்தால்தான் செழிக்கும். வாசனையுள்ள வைரம் முற்ற இருபது முப்பது வருஷம் ஆகும். பட்டம் என்ற கன்றும் தனியாக நட்டால் தேறாது.

நாம் செய்யக்கூடியது

அந்தக் காலத்தில் நிலத்தை ஈடுவைத்துப் படிக்கவைத்தார்கள்; இன்று வங்கிக் கடனில் படிக்கவைக்கிறோம். ஈடு மாறினாலும் ஆபத்து மாறவில்லை. ஆகவே பெற்றோர்களுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, கல்லூரியில் இருக்கும்போதே ஒரு கைத்தொழில். அன்று டைப்ரைட்டிங், இன்று கணினியில் கணக்கு, ஒரு நிரல்மொழி, ஆய்வகக் கருவி, இன்னொரு பாஷை என எதுவாகவும் இருக்கலாம். 1961-ம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் 2014 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இடம் தருகிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை.

இரண்டாவது, கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு வந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் பெற்று வெளியேறலாம்; நான்காம் ஆண்டு ஹானர்ஸ். படிப்பின் அங்கமாகவே வேலைப் பயிற்சியும் உண்டு. அந்தப் பயிற்சியை எங்கே பெறுவது என்பதைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் அளவு அக்கறையோடு தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 32 வயது, ஆறு முயற்சி என்று அரசே எல்லை வைத்திருக்கிறது. அந்த ஆறையும் வேறு எந்த வேலையும் கற்காமல் செலவிட்ட பிள்ளையின் நிலையை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம்.

கடைசியாக, நம் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பரிசும் உதவித் தொகையும் தருகிறோம். அதில் ஒரு பங்கைத் தொழிற்பயிற்சிக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் ஒதுக்கலாம். வரும் ஆண்டு விண்ணப்பப் படிவத்தை அச்சடிக்கும்போது, "என்ன படிக்கிறாய்?" என்ற வரிக்குக் கீழே "கூடவே என்ன கற்றுக்கொள்கிறாய்?" என்று இன்னொரு வரியைச் சேர்த்தால், நம் தாத்தாக்கள் சொல்லாமல் செய்ததை நாம் சொல்லிச் செய்தவர்களாவோம்.